வாடிய கன்றைப் பிடுங்க வேண்டாம்

மனித உடலில் ஓமோன்கள் இருப்பதுபோலப் பயிர்களிலும் ஓமோன்கள் உண்டு. இவை மிகச் சிறிய அளவில் உண்டாகி, வளர்ச்சியைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும் இரசாயனப் பொருட்களாகும். தண்டை நீளச் செய்வது ஒன்று, காயைப் பழுக்கச் செய்வது இன்னொன்று. இப்பாடத்தில், கஷ்ட காலத்தில் பயிரைக் காக்கும் அப்சிசிக் அமிலம் என்னும் ஓமோனைப் பற்றிப் பார்ப்போம். பழக்கமில்லாத மண்ணில், அயலவர் கிணற்றிலிருந்து சுமந்துவரும் சில வாளி நீருடன் தோட்டம் செய்யும் நம் குடும்பங்களுக்கு இது பயன்படும்.

பெயர் வந்த விதம்

1960களில் அமெரிக்காவில் பருத்திக் காய்கள் உதிர்வதன் காரணத்தை ஆராய்ந்தவர்களும், பிரித்தானியாவில் மர அரும்புகளின் உறக்கத்தை ஆராய்ந்தவர்களும் தனித்தனியே இப்பொருளைக் கண்டறிந்தனர். இரண்டும் ஒன்றே என்பது 1965இல் தெளிவாயிற்று. உதிர்தலைக் குறிக்கும் சொல்லிலிருந்தே இதன் பெயர் வந்தது. ஆயினும் வரட்சியில் பயிரைக் காப்பதே இதன் பெரிய பணி என்பது பின்னரே விளங்கியது.

வேலை செய்யும் விதம்

இலைகளில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய இலைவாய்கள் உள்ளன. ஒவ்வொன்றின் இருபுறமும் கதவுகள்போல இரு காவற் கலங்கள் உண்டு. வாய் திறந்திருக்கும்போது காபனீரொட்சைட்டு உள்ளே வரும்; நீராவி வெளியேறும். மண் காயத் தொடங்கியதும் பயிரில் அப்சிசிக் அமிலம் பெருகுகிறது. அது காவற் கலங்களை அடைந்ததும் அவற்றிலுள்ள பொற்றாசியம் வெளியேற, நீரும் கூடவே வெளியேறுகிறது. கலங்கள் தளர்ந்து, சில நிமிடங்களில் வாய் மூடிக்கொள்கிறது.

இதனால் பயிருக்கு நட்டமும் உண்டு. காபனீரொட்சைட்டு வராததால் உணவு தயாரித்தல் குறைந்து இலைகளின் வளர்ச்சி தடைப்படும். எனினும் வேர் ஈரத்தைத் தேடி ஓரளவு வளர்ந்துகொண்டிருக்கும். மீண்டும் நீர் கிடைத்ததும் அமிலம் குறைந்து இலைவாய்கள் திறக்கும். ஆகவே வளராமல் நிற்கும் கன்றைச் செத்த கன்றென எண்ணிவிடக் கூடாது.

விதை முற்றும்போதும் இவ்வோமோன் அதில் சேர்கிறது. விதை காய்க்குள்ளேயே முளைத்துவிடாமலும், உலர்ந்த பின்னும் உயிர் போகாமலும் இருக்க இது உதவுகிறது. சீலைத்துண்டில் முடிந்து எடுத்துவந்த விதை வேறோர் ஊரின் மழைக்கு முளைப்பது, படைத்தவர் வகுத்த இந்த ஒழுங்கினாலேயே.

நாம் செய்யக்கூடியவை

1. மிளகாய், கத்தரி, தக்காளி நாற்றுக்களை நடுவதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் முன்பிருந்தே நீரையும் நிழலையும் படிப்படியாகக் குறைப்போம். கன்று சிறு கஷ்டத்துக்குப் பழகும். இக்காலத்தில் யூரியா இட வேண்டாம், தண்டு மென்மையாகிவிடும்.

2. பிடுங்குமுன் நாற்றுமேடையை நன்கு நனைத்து, வெயில் தணிந்த மாலையில் நடுவோம். பிடுங்கும்போது வேர்கள் அறுபடுகின்றன. ஆகவே மூன்று நான்கு நாட்களுக்குக் கிடுகாலோ இலைக்குழையாலோ நிழல் கொடுப்போம்.

3. நண்பகலில் வாடிய கன்றை மறுநாள் விடியற்காலையில் பார்ப்போம். நிமிர்ந்திருந்தால் அது தன்னைக் காத்துக்கொள்கிறது. அப்போதும் வாடியிருந்தால் மண்ணில் விரலை விட்டுப் பார்ப்போம். மண் காய்ந்திருந்தால் நீர் ஊற்றுவோம். சேறாக இருந்தால் வேர் மூச்சுத் திணறுகிறது, நீரை வடியவிடுவோம்.

4. வைக்கோல், சருகு கொண்டு அடியை மூடுவோம். ஒரு வாளி நீர் கூடுதலான நாட்களுக்குப் போதும்.

நடப்பட்ட கன்று முதலில் வேரூன்றுகிறது, பிறகே தளிர்க்கிறது. பெயர்ந்து வந்த குடும்பத்துக்கும் அந்த அவகாசம் வேண்டும். அதுவரை நிழல் கொடுப்பது அயலவரின் கடமை.

குழுவாகக் கலந்துரையாட

அ. கடந்த போகத்தில் நாம் பிடுங்கி எறிந்த கன்றுகளில் எத்தனை பிழைத்திருக்கக் கூடும்?

ஆ. நமது முகாமில் அல்லது கிராமத்தில் பொதுவான நாற்றுமேடை ஒன்றை அமைத்தால், நீர் ஊற்றும் முறையை எப்படிப் பங்கிட்டுக்கொள்ளலாம்?