மழைக்கு முன் டைனமோவைப் பாருங்கள்

மும்பையில் தென்மேற்குப் பருவமழை தொடங்குவதற்கு வானிலைத் துறை குறித்திருக்கும் வழக்கமான தேதி ஜூன் 11. முதல் பெருமழைக்கே மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள், காந்தி மார்க்கெட் பக்கம் தண்ணீர் தேங்கிவிடும். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாத்தா காலத்து ஃபியட்டையோ மோரிஸ் மைனரையோ விடாமல் காப்பாற்றி வருபவர்கள் இந்த மே மாதக் கடைசி வாரத்தை வீணாக்கக் கூடாது.

செல்ஃப் எடுக்கவில்லை என்றதும் புது பேட்டரி வாங்க ஓட வேண்டாம். முதலில் எர்த் வயரைக் கழற்றி, பாடியில் அது உட்காரும் இடத்தைப் பளபளவென்று தேய்த்து இறுக்குங்கள். கடற்காற்று வீசும் ஊரில் பாதிக் கோளாறு அங்கேதான் இருக்கும். டெர்மினலில் பூத்த பச்சையை வெந்நீரில் கழுவித் துடைத்து வாசலின் தடவுங்கள். பழைய ஃபியட்டின் பீங்கான் ஃபியூஸ்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றி முனைகளைச் சுத்தம் செய்யுங்கள். பிறகு இரவு முழுக்க ஓடாமல் நின்ற வண்டியில் மல்டிமீட்டர் வையுங்கள். 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் ஏறக்குறைய பாதிதான்.

மழைக்காலத்தில் உண்மையான சிக்கல் டைனமோ. குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் 1964 முதல் தயாரித்த ஃபியட் 1100 டிலைட் போன்ற வண்டிகளில் இன்றைய ஆல்டர்னேட்டர் கிடையாது. எஞ்சின் மெதுவாக ஓடும்போது டைனமோ அநேகமாக எதையுமே தராது. சயான் நெரிசலில் வைப்பர், ஹெட்லைட், ஹார்ன் மூன்றும் சேர்ந்து இழுப்பது பேட்டரியின் சேமிப்பைத்தான்.

அதற்காகப் பெரிய பேட்டரி வாங்குவது தவறு. காலியானதை நிரப்ப வேண்டியதும் அதே சிறிய டைனமோதான். கையேட்டில் சொன்ன ஆம்பியர்-அவரில், மூடி திறந்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்றக்கூடிய சாதாரண ஈய-அமில பேட்டரியே இவற்றுக்குப் பொருத்தம். பராமரிப்பு தேவையில்லை என்று விற்கப்படும் கால்சியம் வகைகள் பல கூடுதல் சார்ஜ் வோல்ட்டேஜ் கேட்பவை. பழைய ரெகுலேட்டரால் அவை முழுதாக நிறையாமலே கெட்டுப்போகும். 1960களின் தொடக்கத்து ஃபோக்ஸ்வாகன் பீட்டிலுக்கு 6 வோல்ட். அதில் மின்னோட்டம் இரட்டிப்பாகப் பாய்வதால் கேபிளும் தடிமனாக இருக்க வேண்டும். பழைய மோரிஸ் மைனரிலோ பாசிட்டிவ்தான் எர்த். பேட்டரி மாற்ற வரும் பையனிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பிரீமியரின் பத்மினி டாக்சிகள் 2023 அக்டோபர் 30 முதல் மும்பைச் சாலைகளில் இல்லை. அவற்றை நம்பிப் பிழைத்த டைனமோ எலெக்ட்ரீஷியன்களும் குறைந்துகொண்டே போகிறார்கள். தெரிந்த கை ஒன்று இருந்தால் கார்பன் பிரஷ், கட்-அவுட் இரண்டையும் இப்போதே பார்க்கச் சொல்லுங்கள்.

தாராவியில் எந்தப் பழைய சாமானுக்கும் விலை உண்டு. பேட்டரியை மட்டும் அப்படி எடைக்குப் போடாதீர்கள். குடியிருப்பு நடுவே ஈயம் உருக்கினால் அந்தப் புகை முதலில் கெடுப்பது குழந்தைகளை. 2022 பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளர்களுக்கு உண்டு. புதியது வாங்கும் கடையிலேயே கொடுத்துவிடுங்கள்.

மழை முடியும்வரை வண்டியை எடுக்கப் போவதில்லை என்றால் எர்த் முனையைக் கழற்றி வையுங்கள். மாதம் ஒருமுறை காற்றோட்டமான இடத்தில் சார்ஜ் போடுங்கள். உள்ளே தண்ணீர் புகுந்த வண்டியில் சாவியைத் திருப்பவே வேண்டாம். எர்த்தைக் கழற்றிவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.