குதிரை லாயத்தின் தளமும் படுக்கையும்

குதிரையைப் பற்றி உரையாடுவோர் அதன் நிறத்தையும் நடையையும் சுழியையும் விரித்துப் பேசுவர். அது நிற்கும் தரையைப் பேசுவார் மிகச் சிலரே. நாளின் பெரும்பொழுதை லாயத்தில் கழிக்கும் குதிரைக்கு நன்மையும் தீமையும் முதற்கண் அத்தரையிலிருந்தே வருகின்றன. ஆகலின், மதுரையையும் அதனைச் சூழ்ந்த சமவெளியையும் மனத்திற்கொண்டு, லாயத்துக்கு ஏற்ற தளமும் படுக்கையும் யாவை என்பதை ஈண்டு ஆராய்வோம்.

மதுரைக்கும் குதிரைக்கும் உள்ள தொடர்பு பழமையானது. பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்தனுப்பிய பொன்னை வாதவூரர் திருப்பணியிற் செலவிட்டதும், நரிகள் பரிகளாகி வந்து, இரவில் மீண்டும் நரிகளாகி லாயத்துப் பழங்குதிரைகளைக் கடித்துக் குதறியதும் திருவிளையாடற் புராணம் கூறும் வரலாறு. அயல்நாட்டார் குறிப்புக்கள் கூறும் வரலாறோ இதனினும் துயரமானது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தென்கடற்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, இந்நாட்டு அரசன் ஆண்டுதோறும் 2,000-க்கு மேற்பட்ட குதிரைகளை வாங்குவான் என்றும், அவனுடைய உடன்பிறந்தார் நால்வரும் அவ்வாறே வாங்குவர் என்றும், ஆண்டு முடிவில் 100 குதிரைகளும் எஞ்சா என்றும் எழுதினார். பேணும் முறை அறியாமையும், லாடம் அடித்து வைத்தியம் பார்ப்பார் இன்மையுமே அதற்குக் காரணம் என்றார். விற்பனை குறைந்துவிடுமென்று அஞ்சிய வணிகர், அத்தகைய வைத்தியர் எவரும் இங்கு வாராமல் தடுத்தனர் என்பதும் அவர் கூற்று.

பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் கூறுவதும் இதனோடு ஒத்திருக்கின்றது. ஆண்டுக்கு 10,000 குதிரைகள், ஒவ்வொன்றும் 220 தினார் விலைக்கு வந்தன என்றும், வழியில் இறந்தவற்றுக்கும் பாண்டியன் கருவூலமே விலை கொடுத்தது என்றும் அவர் எழுதினார். இங்கு வந்த குதிரைகளுக்கு வறுத்த வாற்கோதுமையையும் வெண்ணெய் கலந்த தானியத்தையும் காய்ச்சிய பசும்பாலையும் ஊட்டி, 40 நாள் லாயத்தில் முளையடித்துக் கயிற்றாற் பிணித்து வைத்தனராம். அதன்பின் வலிமையும் விரைவும் மிக்க பரிகள் சிறிது காலத்தில் சோர்ந்து பயனற்றுப் போயினவாம். எண்ணிக்கையில் மிகை இருத்தல் கூடும். தளம் ஒன்றே காரணம் என்று துணிதற்கும் இடமில்லை. எனினும், ஒரே இடத்தில் கட்டுண்டு நின்ற குதிரையின் காலடி எந்நிலையில் இருந்திருக்கும் என்று எண்ணாதிருத்தல் இயலாது. வாங்குதற்குப் பொன் இருந்தது. பேணுதற்கு அறிவு போதவில்லை.

தரையினால் குதிரைக்கு விளையும் நன்மை தீமைகள் மூன்று வகையின. முதலாவது குளம்பைப் பற்றியது. குளம்பு நம் நகத்தை ஒத்த பொருளால் ஆயது; இடைவிடாத ஈரத்தில் ஊறினால் உறுதி குலையும். அதன் அடியில் முக்கோண வடிவில் மெத்தென்ற ஒரு பகுதி உண்டு. அதன் இருமருங்கிலுமுள்ள பள்ளங்களில் லத்தியும் சேறும் அடைந்து காற்றுப் புகாதாயின், அவ்விடம் அழுகிக் கரிய நீர் கசியும், நாற்றம் எழும், நாளடைவில் குதிரை நொண்டும்.

இரண்டாவது உறக்கம். குதிரை நின்றபடியே உறங்கும் என்பது உண்மையே. காலின் மூட்டுக்களைப் பூட்டிக்கொள்ளும் தசைநாண் அமைப்பு அதற்கு உண்டு. ஆயினும் ஆழ்ந்த உறக்கத்தின் ஒரு பகுதி படுத்தால்தான் கிட்டும். அதற்காக நாள்தோறும் ஏறக்குறைய அரை மணி நேரமாவது அது படுத்தல் வேண்டும். தரை கடினமாகவோ ஈரமாகவோ வழுக்கலாகவோ இருப்பின் படுக்க அஞ்சி நின்றுகொண்டே இருக்கும். பல நாள் அவ்வாறு நின்றால் உறக்க மிகுதியால் முன்னங்கால் மடிந்து வீழ்ந்து காயமுறும்.

மூன்றாவது மூச்சு. 450 கிலோ எடையுள்ள குதிரை ஒரு நாளில் ஏறத்தாழ 14 கிலோ லத்தியும் 9 லிட்டர் சிறுநீரும் கழிக்கும். சிறுநீரிலுள்ள யூரியாவை நுண்ணுயிர்கள் சிதைக்க அம்மோனியா எழுகின்றது. அது கண்ணையும் சுவாசக் குழாயையும் அரிக்கும். தரைக்கு அருகில் மிகுந்திருக்கும் அவ்வாயுவை, தலைதாழ்த்தித் தின்னும்போதும் படுத்திருக்கும்போதும் குதிரை முகர்கின்றது.

முன்னோர் இவற்றை உணர்ந்திருந்தனர். கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் குதிரையேற்றத்தைப் பற்றி நூல் இயற்றிய கிரேக்கராகிய செனொபோன், ஈரமும் வழுக்கலும் உள்ள தரை நல்ல குளம்பையும் கெடுக்கும் என்றார். தரையைச் சாய்வாக அமைத்து, குளம்பின் அளவான கற்களை நெருக்கமாகப் பதிக்குமாறும் கூறினார். அர்த்தசாஸ்திரமோ வழவழப்பான மரப்பலகைகளைத் தளத்தில் பரப்புமாறும், சிறுநீரும் லத்தியும் வெளியேற வழி அமைக்குமாறும், வாயிலைக் கிழக்கிலோ வடக்கிலோ வைக்குமாறும் விதிக்கின்றது. ஒருவர் கல் என்றார். மற்றவர் மரம் என்றார். நீர் தங்கலாகாது என்பதில் இருவரும் ஒன்றுபட்டனர். பொருள் இடத்துக்கேற்ப மாறலாம். இவ்விதி எங்கும் மாறாது.

இனி நம் நிலத்துக்கு வருவோம். மதுரைச் சமவெளியில் செம்மண் பாங்கும் உண்டு. திருமங்கலத்துக்குத் தெற்கே கரிசலும் உண்டு. கரிசல் மண் கோடையில் பாளமாக வெடிக்கும்; ஐப்பசி கார்த்திகை அடைமழையில் உப்பிக் குழையும். அதன்மேல் எத்தளம் இட்டாலும் நிலைக்காது. ஆகையால் அங்கே இரண்டடி ஆழம் மண்ணை அகற்றி, சரளையும் மணலும் நிரப்பி, நீர் தெளித்துத் திமிசு போட்டு இறுக்குதல் வேண்டும். எங்குமே லாயத்தின் தரை சுற்று நிலத்தைவிட ஓரடி உயர்ந்திருப்பது நலம். தளத்தின் சாய்வு 60 அடிக்கு ஓரடி அளவே போதும். மிகுந்தால் குதிரையின் கால் நரம்புகள் எப்போதும் ஒருபுறம் இழுபட்டு நிற்கும்.

மேற்பரப்புக்கு உரிய பொருள்களுள், நன்கு இறுகிய செம்மண் தளம் காலுக்கு இதமானது, செலவும் குறைவு. ஆயின் சிறுநீர் வீழும் இடம் குழியாகும். அடிக்கடி வெட்டியெடுத்துப் புதுமண் இடவேண்டும். மேலூர்ப் பக்கத்துக் கருங்கல் பலகை நெடுநாள் உழைக்கும், நனைந்தால் வழுக்கும். ஆதலின் அதனைப் பொளிந்து சொரசொரப்பாக்குதல் இன்றியமையாதது. சிமெண்டுத் தளத்தைக் கழுவுதல் எளிது. கோடு கிழித்து அமைத்தால் வழுக்கலும் குறையும். கடினம் மட்டும் நீங்காது. மரப்பலகை சிறுநீரை உறிஞ்சும், கரையானும் அரிக்கும், நம் ஊருக்கு அது ஏற்றதன்று. இக்காலத்தில் சிமெண்டின்மேல் கனத்த ரப்பர் விரிப்பை இடுகின்றனர். அது காலுக்கு மென்மை தரும். ஆயினும் சிறுநீரை உறிஞ்சாதாகையால், அதன்மேலும் படுக்கை வேண்டும்.

படுக்கைப் பொருள்களுள் வைக்கோல் நமக்கு எளிதிற் கிடைப்பது, படுக்க வெதுவெதுப்பானது. எனினும் அதனைக் குதிரை தின்னும். மிகுதியாகத் தின்றால் குடல் அடைத்து வயிற்றுவலி உண்டாகும். ஈரத்தோடு கட்டிய வைக்கோல் பூசணம் பிடித்து மூச்சுநோய் தரும். உமி மலிவானது, ஆனால் நீரை ஏற்காது, தூசி எழுப்பும், தீனியிலும் கலக்கும். கடலைத்தோலிலும் பூசணம் எளிதில் பற்றும். ஆற்று மணல் குளிர்ச்சியானது, நீரை விரைந்து வடிப்பது. தரையிற் சிந்திய கொள்ளோடு மணலும் குடலிற் சேர்வது அதன் கேடு. தச்சர் இழைப்புளியாற் சீவிய மரச்சுருள், தூசி நீக்கியதாயின், மிக நன்று. தென்னை நார்த்தூள் தன் எடையினும் பன்மடங்கு நீரை ஏற்கும். குதிரை அதனை விரும்பித் தின்னாது. நம் தென்னந்தோப்புக்களின் கழிவாகக் கிடைப்பது. நன்கு உலர்த்தி இடின், நம் நாட்டுக்கு இதுவும் மரச்சுருளுமே சிறந்தன என்பது எம் துணிபு.

எப்பொருளை இட்டாலும் பராமரிப்பு இன்றேல் பயனில்லை. காலையில் லத்தியையும் நனைந்த பகுதியையும் வாரி அகற்றுக. உலர்ந்ததைச் சுவரோரம் ஒதுக்கித் தரையைக் காற்றாட விடுக. பின்னர்க் குறைந்த அளவைப் புதிதாகச் சேர்த்துப் பரப்புக. அவ்வேளையிலேயே நான்கு குளம்புகளையும் தூக்கிப் பார்த்துச் சுத்தம் செய்க. படுக்கையின் கனத்தைச் சோதிக்க, மடக்கிய கையால் அழுத்துக; விரல் மூட்டுத் தளத்தில் இடித்தால் படுக்கை போதாது. காற்றைச் சோதிக்க, குதிரை படுக்கும் இடத்தில் தாமே சிறிது நேரம் அமர்க. கண் கரித்தால், நின்றபோது தெரியாத குற்றம் அப்போது விளங்கும்.

மதுரை வீதிகளில் ஜட்கா வண்டிகள் நிறைந்திருந்த காலம் கழிந்தது. ஆயினும் பந்தயத்துக்கும் திருமண ஊர்வலத்துக்கும் சவாரிப் பயிற்சிக்கும் இன்றும் நம்மிடையே குதிரைகள் வளர்க்கப்படுகின்றன. அவற்றுள் பல, சாக்கடையோரத்து ஈரத்தரையில் கட்டுண்டு நிற்றலைக் காண்கின்றோம். பாண்டியன் காலத்துக் குறைக்கு அறியாமையைச் சொல்லலாம். நமக்கு அச்சாக்குப் பொருந்தாது. விலைமிக்க சேணத்தையும் அணிகலனையும் வாங்குமுன், வாயில்லா அவ்வுயிர் அன்றிரவு படுத்துறங்க உலர்ந்த இடம் ஒன்று உண்டா என்று பார்த்தல் குதிரையுடையார் ஒவ்வொருவருக்கும் கடமையாம்.