மவுண்ட் செய்த ஃபோல்டர்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நம்பிக்கை: சர்வரின் ஃபோல்டரை என் கணினியில் இணைத்து மவுண்ட் செய்தாயிற்று, இனி கோப்புகள் இரண்டு இடத்திலும் இருக்கும்.

உண்மை: சர்வரில் மட்டுமே இருக்கும். இங்கே அழித்தால் அங்கே அழிந்தது. விண்டோஸில் நெட்வொர்க் ஃபோல்டரிலிருந்து அழித்த கோப்பு வழக்கமாக உங்கள் ரீசைக்கிள் பின்னுக்குக்கூட வருவதில்லை. பேக்கப் தனியாக எடுத்தே ஆக வேண்டும்.

நம்பிக்கை: கோப்பு அனுமதிகளைச் சரியாக அமைத்துவிட்டால் நெட்வொர்க் வழியே ஃபோல்டர்களைப் பகிரும் என்எஃப்எஸ்ஸில் யாரும் நுழைய முடியாது.

உண்மை: எனக்கு மிகவும் கவலை தருவது இந்த நம்பிக்கைதான். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1984-ல் என்எஃப்எஸ்ஸை உருவாக்கியபோது, ஒரே நிர்வாகியின் கீழ் இருக்கும் கணினிகளை மனதில் வைத்தே உருவாக்கியது. இன்றும் பெரும்பாலான இடங்களில் இருக்கும் ஆத்-சிஸ் (AUTH_SYS) முறையில் சர்வர் கடவுச்சொல் கேட்பதில்லை. 'நான் 1001-ஆம் எண் பயனர்' என்று எதிர்முனைக் கணினி சொன்னால் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளும். மவுண்ட் செய்ய அனுமதி பெற்ற ஒரு கணினியில் ரூட் எனும் முழு நிர்வாக அதிகாரம் உள்ளவர் அதே எண்ணில் ஒரு பயனரை உருவாக்கினால் போதும், உரியவரின் கோப்புகள் அத்தனையும் திறந்துவிடும். 'ரூட் ஸ்குவாஷ் இருக்கிறதே' என்பார்கள். அது தடுப்பது 0 என்ற ரூட் எண்ணை மட்டுமே, 1001-ஐத் தடுக்காது. போதாததற்கு, தரவும் குறியாக்கம் இல்லாமலே பயணிக்கிறது. பயனர் யாரென்று உறுதிசெய்து தரவையும் மறைக்க கெர்பரோஸ் என்ற அடையாளச் சரிபார்ப்பு முறை வேண்டும். அமைப்பது சிரமம்தான், சம்பளப் பட்டியலும் நோயாளிகளின் பதிவும் இருக்கும் இடத்தில் அந்தச் சிரமத்தைப் பார்க்கக் கூடாது.

நம்பிக்கை: சர்வர் நின்றால் கணினியும் தொங்கிவிடுகிறது, சாஃப்ட் மவுண்ட் போட்டால் தீர்ந்தது.

உண்மை: ஹார்டு மவுண்ட் சர்வர் திரும்பும்வரை காத்திருப்பது தரவைக் காப்பதற்காகவே. சாஃப்ட் மவுண்ட் சில முயற்சிகளுக்குப் பின் பிழை என்று சொல்லிக் கைவிட்டுவிடும். அந்தப் பிழையைக் கவனிக்காத மென்பொருள் பாதி எழுதிய கோப்பை முழுமையானது என்றே எண்ணிக்கொள்ளும். எழுதும் வேலை நடக்கும் ஃபோல்டருக்கு ஹார்டு மவுண்ட்தான் சரி.

நம்பிக்கை: அலுவலகத்துக்குள் இருக்கும் நெட்வொர்க்தானே, விண்டோஸின் பழைய ஃபோல்டர் பகிர்வு முறையான எஸ்எம்பி 1 இருந்துவிட்டுப் போகட்டும்.

உண்மை: 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் பரவியது விண்டோஸின் எஸ்எம்பி 1-ல் இருந்த ஓட்டை வழியாகத்தான். மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே திருத்தம் வெளியிட்டிருந்தும், பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சைகள் தள்ளிப்போயின. எஸ்எம்பி 3-ல் குறியாக்கமும் உண்டு. பழைய ஸ்கேனர் ஒன்றுக்காக எஸ்எம்பி 1-ஐ விட்டுவைத்திருந்தால், முதலில் ஸ்கேனரை மாற்றுங்கள்.