1986-ஐக் கேட்டுவிட்டு வா

பிள்ளைச்சாவடி,
புதுச்சேரி - 14.

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. நீ காரைக்கால் விடுதிக்கு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்ததாக அம்மா சொன்னாள். விடுமுறைக்கு வந்திருந்தபோது நம் மொட்டைமாடியில் நீயும் உன் நண்பர்களும் இளையராஜாவைப் பற்றிப் போட்ட சண்டையைக் கீழே படுத்தபடி முழுக்கக் கேட்டேன். "எண்பதுகள்தான் ராஜா, 'ரோஜா' வந்ததோடு அவர் கதை முடிந்தது" என்றான் ஒரு பையன். "எல்லாம் ஒரே மாதிரி டியூன்" என்றான் இன்னொருவன். நீ தொண்டை கட்டும் அளவுக்கு ராஜாவுக்காக வாதாடினாய். எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் உன்னிடமும் இருந்தது ஒரு பட்டியல் மட்டுமே. அவர்கள் பத்துப் பாட்டுச் சொன்னால் நீ இருபது சொன்னாய். பட்டியலால் யாரையும் கேட்க வைக்க முடியாது.

இந்தச் சண்டை உங்கள் தலைமுறையில் தொடங்கியதல்ல. 1976-ல் 'அன்னக்கிளி' வந்தபோது நம் தெருவிலேயே மெல்லிசை மன்னர் எம்.எஸ்.விஸ்வநாதனின் ரசிகர்கள், "இது நடவுப் பாட்டு, இதைப்போய் சினிமாவில் வைப்பதா?" என்றார்கள். அப்போது ராஜாவைத் தூக்கிப் பிடித்த இளவட்டங்களே பதினாறு ஆண்டுக்குப் பிறகு ரஹ்மானின் 'ரோஜா'வைக் கேட்டுவிட்டு, "இது கம்ப்யூட்டர் சத்தம்" என்றார்கள். இன்றைக்கு ரஹ்மானின் பழைய பாட்டுகளைச் சொல்லி அனிருத்தை மட்டம் தட்டுகிறார்கள். ஒவ்வொரு தலைமுறையும் தன் இருபது வயதில் கேட்ட ஒலியை இசையின் உச்சம் என்று தீர்மானித்துவிடுகிறது. அந்த வயதின் மீது உள்ள பாசம் அது. பாசத்தில் தவறில்லை. ஒரு கலைஞனின் ஐம்பதாண்டு வேலையை அதைக்கொண்டு அளப்பதுதான் தவறு.

எங்கள் காதுகளைப் பற்றியும் உனக்குச் சொல்லவேண்டும். நான் மைக்செட் வைத்திருந்த நாளில் பிள்ளைச்சாவடி, காலாப்பட்டு, கனகசெட்டிக்குளம், பொம்மையார்பாளையம் என்று இந்தக் கடற்கரைக் குப்பங்கள் எல்லாவற்றிலும் கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எதுவானாலும் தென்னைமரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டித்தான் பாட்டுப் போடுவோம். கடற்காற்றையும் மீறி அரைக்கல் தொலைவுக்குக் கேட்கும். ஆனால் அந்தக் குழாயில் கீழ்ஸ்தாயி ஒலி வராது. சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை அது விழுங்கிவிடும். பேஸ் கிட்டாரின் கனத்த கம்பி எழுப்பும் சுரம் 41 ஹெர்ட்ஸ். அதாவது குழாயில் மட்டுமே ராஜாவைக் கேட்ட மக்களுக்குப் பாடகரின் குரல், புல்லாங்குழல், தபலாவின் மேல்தட்டு இவைதான் கிடைத்தன. பாட்டின் பாதி உடம்பு அவர்களை வந்து சேரவே இல்லை.

இப்போது நீ 'பயணங்கள் முடிவதில்லை' (1982) படத்தின் 'இளைய நிலா'வை ஹெட்போனில் கேள். மேலே ஓடும் கிட்டார் எல்லோருக்கும் தெரிந்தது. அதை விட்டுவிட்டு அடியில் போகும் பேஸ் கிட்டாரை மட்டும் பிடித்துக்கொள். குரலுக்கு வெறும் தாளம் காட்டுவதோடு அது நிற்காது. தனக்கென்று ஒரு மெட்டுப் போட்டுக்கொண்டு, குரலோடு சேர்ந்தும் விலகியும் நடக்கும். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று மெட்டுகளை மோதாமல் ஓடவிடுகிற இந்த வித்தையை மேற்கத்திய மரபில் முந்நூறு ஆண்டுக்கு முன்பே உச்சத்துக்குக் கொண்டுபோனவர் ஜெர்மனியின் பாக். பண்ணைப்புரத்திலிருந்து வந்து, அண்ணன் பாவலர் வரதராஜனோடு கட்சி மேடைகளில் ஆர்மோனியம் வாசித்து வளர்ந்த ஒருவர், சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் அதைக் கற்றுக்கொண்டு தமிழ்ப் பாட்டின் அஸ்திவாரத்தில் வைத்தார். "எல்லாம் ஒரே மாதிரி டியூன்" என்ற பையனிடம் முதலில் இதைச் சொல். போனின் சின்ன ஸ்பீக்கரில் கேட்பவனுக்கும் என் குழாய் ஸ்பீக்கரின் கதிதான். கீழே இருப்பது காதில் விழாதவரை மெட்டு ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டே இருப்பான்.

அடுத்தது, எண்பதுகள், தொண்ணூறுகள் என்று கூறு போடுவது. உருமாறிக்கொண்டே இருக்கிற கலைஞனிடம் இந்தக் கணக்கு எடுபடாது. பத்தாண்டு வேண்டாம், ஒரே ஆண்டை எடுத்துக்கொள்: 1986.

அந்த ஆண்டு 'விக்ரம்' வந்தது. தலைப்புப் பாட்டிலேயே எலக்ட்ரானிக் ஒலி முன்னால் வந்து நிற்கும். தீபாவளியை ஒட்டி 'புன்னகை மன்னன்'. அதில் தீம் இசைக்குக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தார். அதே படத்தில்தான் 'என்ன சத்தம் இந்த நேரம்' இருக்கிறது. சாகப்போகும் இருவருக்கான அந்தப் பாட்டில் ஒலி பெரிதாக உயராது. அவர் குழுவில் அந்த நாட்களில் கீபோர்டு வாசித்த திலீப் என்ற இளைஞர்தான் பின்னால் ஏ.ஆர்.ரஹ்மான். ஆகவே "கம்ப்யூட்டர் வந்து ராஜாவை வீழ்த்தியது" என்று சொல்பவர்கள், அதை முதலில் உள்ளே அழைத்தவர்களில் ராஜாவும் ஒருவர் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதே ஆண்டு 'மௌன ராகம்'. பேச மறுக்கும் ஒரு மனைவியின் வீட்டுக்குள் இசையை எவ்வளவு அடக்கமாக வைத்திருக்கிறார் என்று கவனி. அதே ஆண்டு 'மெல்லத் திறந்தது கதவு'. அதில் மெட்டுகள் பெரும்பாலும் எம்.எஸ்.விஸ்வநாதன் போட்டவை, வாத்தியக் கோப்பு ராஜாவுடையது. ரசிகர்கள் பத்து ஆண்டாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்த இரு பெயர்களும் டைட்டிலில் சேர்ந்து வந்தன. ராஜா தன் முன்னவரின் மெட்டுக்குக் கீழே நின்று வேலை செய்தார். எந்தப் பாட்டுப் பட்டியலைக் காட்டிலும் அந்தப் படம் எனக்கு அவரைப் பற்றி அதிகம் சொல்லியது.

அதே 1986-ல்தான் படமே இல்லாத, பாட்டே இல்லாத ஓர் ஆல்பம், 'ஹவ் டு நேம் இட்?' வந்தது. தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கை. வயலின் வி.எஸ்.நரசிம்மன். 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்று அதில் ஒரு துண்டு. பாக்கின் வயலின் இசையை எடுத்து அதன் மேல் தன் இசையைப் பின்னியிருப்பார். சபா இசையில் ஊறியவர்கள் சிலர் இது கர்நாடக இசையும் இல்லை, மேற்கத்திய இசையும் இல்லை என்றார்கள். எதுவுமாக இல்லாமல் இருப்பதுதான் அதன் நோக்கமே. இத்தனை ஆண்டு ஆகிவிட்டது, இன்னும் அதில் எனக்குப் புரியாத இடங்கள் இருக்கின்றன. அவர் செய்தவற்றில் இதைத்தான் முதலில் வைப்பேன். நீ மறுக்கலாம், கேட்டுவிட்டு மறு.

இப்போது சொல், இந்த 1986-க்கு என்ன பெயர் வைப்பாய்? காலம் மாறியதால் அவர் மாறினார் என்பது பாதி உண்மைதான். எதிரே நிற்கிற வேலை என்ன கேட்கிறதோ, அதற்கு ஏற்பத் தன்னையே வேறொரு ஆளாக்கிக்கொள்வது அவர் வழக்கம். அதே வாரத்தில் இன்னொரு வேலை வந்தால் இன்னொரு ஆள்.

உன் நண்பர்களில் ஒருவன் பாடகர் டேவிட் போவியின் ரசிகன் என்றாய். அவனுக்கு இது பிடிக்கும். போவி 1972-ல் ஸிகி ஸ்டார்டஸ்ட் என்ற ஒரு பாத்திரமாகவே மாறி மேடையேறினார். செந்நிற முடி, முகப்பூச்சு, விசித்திர உடை. உலகம் அந்த வேடத்துக்குப் பைத்தியமானபோது, 1973 ஜூலை 3 அன்று லண்டன் ஹாமர்ஸ்மித் ஓடியன் அரங்கில், இதுதான் கடைசி நிகழ்ச்சி என்று மேடையிலேயே அறிவித்து அந்த வேடத்தை முடித்துவிட்டார். வயது 26. அதற்குப் பிறகும் மாறிக்கொண்டே போனார். 1977-ல் 'லோ' ஆல்பத்தின் இரண்டாம் பக்கம் பெரும்பாலும் பாட்டில்லாத இசை, 1983-ல் 'லெட்ஸ் டான்ஸ்' ஊரெல்லாம் ஆடிய இசை. இதில் எது உண்மையான போவி என்று அவருடைய ரசிகர்கள் இன்றும் அடித்துக்கொள்கிறார்கள். 2016-ல் 'பிளாக்ஸ்டார்' வெளிவந்து இரண்டே நாளில் அவர் இறந்தபோதும் அந்தச் சண்டை ஓயவில்லை.

அந்த ஹாமர்ஸ்மித் அரங்கத்துக்கு இன்றைய பெயர் ஈவென்டிம் அப்போலோ. 2025 மார்ச் 8 அன்று ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழு ராஜாவின் 'வேலியன்ட்' சிம்பொனியை அரங்கேற்றியது அங்கேதான். போவி வேடத்தைக் கழற்றிய அதே மேடையில், 81 வயதில், நம்மவர் வந்து நின்றார். படம் இல்லை, நாயகன் இல்லை, பாடலாசிரியர் வரி இல்லை. இதே இசைக்குழுவோடு 1993-ல் அவர் பதிவுசெய்த வேறொரு சிம்பொனி இன்றுவரை வெளிவராததால், நமக்கு இது முப்பதாண்டுக் காத்திருப்பு.

இங்கே இருவருக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. நம் சண்டைகள் குழம்புவதற்குக் காரணமும் அதுதான். போவியின் வேடங்கள் அவர் முகத்திலேயே இருந்தன. ராஜா எத்தனையோ ஆண்டாக அதே வெள்ளை உடை. அவருடைய வேடங்களைப் போட்டுக்கொண்டவர்கள் மற்றவர்கள்: மோகன் மைக் பிடித்தார், கமல் ஆடினார், ரஜினி கைதட்டினார், ஜானகியும் பாலுவும் குரல் கொடுத்தார்கள். அதனால் படம் ஓடினால் இசை நன்றாக இருந்தது என்கிறோம். படம் ஓடாவிட்டால் இசையையும் சேர்த்துப் புதைத்துவிடுகிறோம்.

அப்படிப் புதைந்ததுதான் தொண்ணூறுகள். அந்த நாட்களில் அவர் செய்த படங்களில் பல, பழக்கத்தில் செய்தவை என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். நாற்பது பேர் உட்கார்ந்து வாசித்த இடத்தில் ஒரு சின்தசைஸர் வந்து உட்கார்ந்த படங்களும் உண்டு. அவை என் காதுக்கு உவக்கவில்லை. ஆனால் 'ரோஜா' வந்த அதே 1992-ன் தீபாவளிக்குத்தான் 'தேவர் மகன்' வந்தது. 1995-ல் 'அவதாரம்', கண் தெரியாத பெண்ணுக்கு நிறங்களைச் சொல்லித்தரும் 'தென்றல் வந்து தீண்டும் போது'. 2000-ல் 'ஹே ராம்': வேறொருவர் இசைக்கு ஏற்கெனவே படமாக்கிய பாட்டுக் காட்சிகள், உதட்டசைவு மாறாமல் அதற்குள் புது மெட்டு உட்காரவேண்டும். உட்கார்ந்தது மட்டுமல்ல, அந்தக் காட்சிகள் அந்த மெட்டுக்காகவே எடுக்கப்பட்டவை போல இருக்கின்றன. 2005-ல் புடாபெஸ்ட் இசைக்குழுவோடு 'திருவாசகம்'. 2013-ல் 'ஓநாயும் ஆட்டுக்குட்டியும்', பாட்டே இல்லாத படம். பின்னணி இசை என்று போடாமல் முன்னணி இசை என்று இயக்குநர் மிஷ்கின் டைட்டில் போட்டார். இந்த ஐந்தில் எதுவுமே 1982-ல் பிறந்திருக்க முடியாது.

பாட்டுகளின் உரிமைப் பிரச்சினையையும் அந்த ராத்திரி இழுத்தீர்கள். 2017-ல் பாலுவுக்கே நோட்டீஸ் அனுப்பினாரே, 2024-ல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' படத்துக்கும் அனுப்பினாரே என்று. ஒரு மெட்டை உண்டாக்கியவனுக்கு அதன் வருமானத்தில் பங்கு உண்டு என்பதை 1957-ன் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் வந்த திருத்தம் உறுதியாக்கியது. அதற்கு முன்பு எத்தனை இசையமைப்பாளர்கள் ஒரு தொகையை மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள் என்று நினைத்தால் அவர் கேட்பது எனக்கு நியாயமாகவே படுகிறது. பாலுவிடம் கேட்ட விதம் என்னையும் வருத்தியது. ஆனால் இது வேறு வழக்கு. இசையைப் பற்றிய வழக்கில் இதைச் சாட்சியாகக் கூப்பிடாதே.

அதே 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' உங்களுக்கு ஒரு பெரிய காரியம் செய்திருக்கிறது. 'குணா' 1991-ல் வந்தபோது இந்தப் பக்கத்துத் தியேட்டர்களில் கூட்டமில்லை. அதில் காதலிக்கு எழுதும் கடிதமாக இருந்த பாட்டு, முப்பத்து மூன்று ஆண்டுக்குப் பிறகு இந்தப் படத்தில் குழியில் விழுந்த நண்பனுக்காக ஒலித்தபோது கேரளப் பையன்களும் நீங்களும் சேர்ந்து அழுதீர்கள். தன்னைச் சுமந்த படத்தைக் கழற்றிவிட்டு அந்த இசை இன்னொரு கதையில் போய் நின்றுகொண்டது. அவருடைய மரபு எதில் இருக்கிறது என்று கேட்டாயே, என் பதில் இது. எந்த இடத்தில் இருக்கிறார், ரஹ்மானுக்கு மேலா கீழா என்பதில் எனக்கு அக்கறை இல்லை.

அடுத்த விடுமுறைக்கு வரும்போது நல்ல ஹெட்போன் ஒன்று கடன் வாங்கி வா. 'ஹவ் டு நேம் இட்?' முழுக்க ஒரே மூச்சில் கேட்கவேண்டும், துண்டு துண்டாக வேண்டாம். அதன் பிறகு 'தளபதி'யின் 'ராக்கம்மா'வை வைப்போம். கைதட்டு ஆட்டத்தின் நடுவே அப்பர் தேவாரம் நுழையும் இடத்தில் தாளத்துக்கு என்ன நேர்கிறது என்று நீயே எழுதிக்கொண்டு வா. உன் அத்தை எல்லாவற்றையும்விட 'ஜானி'தான் என்கிறாள், அவளிடமும் நீ வாதாடவேண்டியிருக்கும். "ராஜா முடிந்தார்" என்ற பையனைக் கட்டாயம் கூட்டி வா. அவனுக்கு என்ன பிடிக்கும் என்று அத்தை கேட்கச் சொன்னாள். இங்கே இப்போது நல்ல சங்கரா மீன் வருகிறது.

அன்புடன்,
மாமா