மூடுபனியும் நிறுத்தும் தொலைவும்

ஓர் ஊர்தி எவ்வளவு விரைவாகச் செல்லலாம் என்பதைச் சாலையோர அறிவிப்புப் பலகை மட்டும் தீர்மானிப்பதில்லை. ஓட்டுநரின் கண்ணுக்கு எவ்வளவு தொலைவு தெரிகிறது என்பதும் தீர்மானிக்கிறது. இவ்விரண்டும் முரண்படுவதால் நேரும் இழப்பை வட இந்தியச் சமவெளியின் குளிர்காலம் ஆண்டுதோறும் காட்டுகிறது.

இடரைக் கண்ட கணத்திலேயே ஊர்தி நின்றுவிடுவதில்லை. கண்ட பொருள் இன்னதென உணர்ந்து, செய்யவேண்டியதை முடிவு செய்து, கால் பிரேக்கை அழுத்தும் வரை அது குறையா வேகத்தில் ஓடுகிறது. இதற்கு 2.5 விநாடி ஆகும் என்று கொண்டே இந்திய சாலைக் காங்கிரஸ் நிறுத்தும் தொலைவை வகுத்துள்ளது. தேர்ந்த ஓட்டுநருக்கு இது மிகையாகத் தோன்றலாம். ஆனால் சாலை களைத்து வருபவருக்கும் முதியவருக்கும் சேர்த்தே அமைக்கப்படுகிறது. பிரேக் பிடித்த பின் ஓடும் தொலைவோ வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப வளர்கிறது. ஆகவே, மணிக்கு 50 கிலோமீட்டரில் ஏறத்தாழ 60 மீட்டராக உள்ள மொத்தத் தொலைவு, 100 கிலோமீட்டரில் 120 அன்று, 180 மீட்டராகிறது.

பார்வைத் தொலைவு 200 மீட்டருக்கும் 50 மீட்டருக்கும் இடையே இருப்பின் இந்திய வானிலை ஆய்வுத் துறை அதனை அடர்ந்த மூடுபனி என வகைப்படுத்துகிறது. 50 மீட்டருக்கும் குறைந்தால் மிக அடர்ந்த மூடுபனி. கிரேட்டர் நொய்டாவையும் ஆக்ராவையும் இணைக்கும் 165 கிலோமீட்டர் நீள யமுனை விரைவுச்சாலை 2012இல் திறக்கப்பட்டது. கார்களுக்கு அங்கு இருந்த 100 கிலோமீட்டர் வரம்பு, 2024 டிசம்பர் நடுவிலிருந்து இரு மாதங்களுக்கு 75 ஆகக் குறைக்கப்பட்டது. நடவடிக்கை நன்றே, எனினும் போதாது. 75 கிலோமீட்டர் வேகத்தில் 2.5 விநாடிக்குள் கார் 52 மீட்டர் கடந்துவிடும். 50 மீட்டரே தெரியும் பனியில், பழுதுற்று நிற்கும் லாரியை அது பிரேக்கில் கால் படுமுன்பே எட்டிவிடும். ஓட்டுநர் ஒன்றரை விநாடியிலேயே செயற்பட்டாலும் எஞ்சுவது 19 மீட்டர். சாலை வடிவமைப்பில் கொள்ளப்படும் உராய்வின்படி, மோதும்போது வேகம் இன்னும் 60 கிலோமீட்டருக்குக் குறையாது. அப்பனிக்கு ஏற்ற வேகம் 40 கிலோமீட்டரைச் சற்றே தாண்டும், அவ்வளவே.

ஓட்டுநர் இதனை உணர்வது எளிதன்று. பக்கத்து மரங்களும் கம்பங்களும் மறைந்தபின் தன் வேகமே அவருக்குக் குறைவாகத் தோன்றுகிறது. முகப்பு விளக்கின் உயர்ஒளியோ பனித்துளிகளில் பட்டுத் திரும்பிக் கண்ணைக் கூசச் செய்கிறது. எனவே முன்செல்லும் வண்டியின் சிவப்பு விளக்கைத் துணையாகப் பற்றி நெருங்கிச் செல்கிறார். அவ்வண்டி மோதினால் இவரும் மோதுகிறார்; பின்வருவோரும் தப்புவதில்லை.

2022இல் நாட்டில் சாலை விபத்துகளால் இறந்தோர் 1,68,491 பேர். இவர்களில் 70 விழுக்காட்டிற்கு மேற்பட்டோரின் மரணம் அதிவேகம் என்னும் தலைப்பில் சேர்க்கப்பட்டுள்ளது. வரம்புக்குள் சென்றும் கண்ணுக்கெட்டும் தொலைவை மீறி ஓடிய வேகத்தை இத்தலைப்பு தனியே பிரித்துக் காட்டுவதில்லை.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 112ஆம் பிரிவின்கீழ், பொதுமக்கள் பாதுகாப்பை முன்னிட்டு வேகத்தைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை மாநில அரசுகளுக்கு வழங்குகிறது. பருவம் முழுமைக்கும் ஒரே எண்ணை அறிவிப்பதைவிட, அந்தந்த நேரத்துப் பார்வைத் தொலைவுக்கேற்ப மாறும் மின்னணுப் பலகைகள் பயன் தரும். சாலையில் நின்றுபோன வண்டிகளை உடனடியாக அப்புறப்படுத்துவதும், பின்விளக்கின்றிக் கரும்பேற்றிச் செல்லும் டிராக்டர்களுக்கு ஒளி எதிரொளிப்புப் பட்டைகள் ஒட்டச் செய்வதும் மாவட்ட நிர்வாகம் பனிக்காலத்துக்கு முன்பே முடிக்கவேண்டிய பணிகளாகும்.