குள்ளர் ஏறிய குன்று



கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பது நம் முன்னோர் வாக்கு. அவ்வாக்கைத் தம் வாழ்வால் மெய்ப்பித்த விளையாட்டு வீரர் ஒருவரைப் பற்றி இக்கட்டுரையில் அறிந்துகொள்வோம். அவர் அமெரிக்க நாட்டவர். டைரோன் போக்ஸ் என்பது அவர் பெயர். 'மக்ஸி' என்னும் செல்லப் பெயராலேயே உலகம் அவரை அறியும்.

கூடைப்பந்து வளையம் தரையிலிருந்து 10 அடி உயரத்தில் அமைந்துள்ளது. ஆகவே, அஃது நெட்டையர்களுக்கே உரிய ஆட்டம் என்பது பலரின் எண்ணம். அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துச் சங்கமாகிய என்.பி.ஏ.வில் ஆறரை அடி உயரம் வியப்புக்குரியதன்று. மக்ஸியின் உயரமோ 5 அடி 3 அங்குலம். அதாவது 160 சென்டிமீட்டர். அச்சங்கத்தின் வரலாற்றில் ஆடியவர்களுள் அவரே மிகக் குள்ளமானவர்.

இளமைப் பருவம்

மக்ஸி 1965ஆம் ஆண்டு சனவரி 9ஆம் நாள் பால்டிமோர் நகரில் பிறந்தார். ஏழைகள் வாழும் அடுக்குமாடிக் குடியிருப்பில் வளர்ந்தார். ஐந்து வயதில், தெருவில் யாரோ சுட்ட துப்பாக்கியின் சிதறிய குண்டுகள் அவர் மீது பாய்ந்தன. அவருடைய இளம்பருவத்திலேயே தந்தை சிறை சென்றார். குடும்பப் பாரம் தாயின் தோளில் விழுந்தது. அந்தத் தாய் மனம் தளரவில்லை. இடையில் நின்றுபோன தம் பள்ளிக் கல்வியை மீண்டும் தொடர்ந்து முடித்து, அலுவலக வேலையில் அமர்ந்து, பிள்ளைகளைக் காப்பாற்றினார். பெற்றோர்கள் இதனைச் சற்று நினைத்துப் பார்த்தல் நலம்.

டன்பார் உயர்நிலைப் பள்ளி அணியில் மக்ஸி ஆடிய இரண்டு பருவங்களில் அவ்வணி ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை. பின்னர் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் பயின்றுகொண்டே ஆடினார். 1986இல் ஸ்பெயினில் நடைபெற்ற உலகப் போட்டியில் தங்கம் வென்ற அமெரிக்க அணியில் அவரும் ஒருவர்.

கார்டு என்பவர் யார்?

ஓர் அணியில் களத்தில் நிற்போர் ஐவர். அவர்களுள் 'பாயிண்ட் கார்டு' என்பவரே பந்தைத் தட்டிக்கொண்டு எதிரணியின் பகுதிக்குக் கொண்டு செல்பவர். 24 விநாடிகளுக்குள் பந்தை வளையத்தை நோக்கி எறிந்தாக வேண்டும். அதற்குள் யார் எங்கே நிற்கிறார், யாருக்குக் கொடுத்தால் பந்து வளையத்தில் விழும் என்பதைக் கண்டு முடிவு செய்வது அவர் கடமை. கப்பலுக்கு மாலுமி எப்படியோ, அணிக்குக் கார்டு அப்படி.

இங்கேதான் மக்ஸியின் குறை நிறையாயிற்று. அவர் தட்டும் பந்து தரையை ஒட்டியே எழும்பும். தாழ எழும்பும் பந்து விரைவில் கைக்குத் திரும்பும். அதைப் பறிக்க நெட்டையர்கள் வெகுவாகக் குனிய வேண்டும். குனிந்து நிமிர்வதற்குள் மக்ஸி அவர்களைக் கடந்திருப்பார். மாறாக, எதிரிகள் தட்டும் பந்தோ அவர் கைக்கு எட்டும் உயரத்திலேயே இருந்தது! தம் ஆட்ட வாழ்வில் 1,369 முறை அவர் பந்தைப் பறித்துள்ளார்.

தொழில்முறை வாழ்வு

1987இல் வாஷிங்டன் புல்லட்ஸ் அணி அவரைப் பன்னிரண்டாமவராகத் தெரிவு செய்தது. அவ்வணியில் 231 சென்டிமீட்டர் உயரமுள்ள மனூட் போல் என்பவரும் ஆடினார். இருவரும் அருகருகே நிற்கும் படங்களைக் கண்டு உலகமே வியந்தது. சிலர் நகைக்கவும் செய்தனர். ஓராண்டு சென்றதும் அவ்வணி அவரைத் தக்கவைத்துக்கொள்ளவில்லை. 1988இல் புதிதாகத் தோன்றிய சார்லட் ஹார்னெட்ஸ் அணி அவரை ஏற்றுக்கொண்டது. ஓர் அணி கைவிட்டவர் மற்றோர் அணியின் தூணானார். அங்கே பத்துப் பருவங்கள் ஆடி, அந்நகர மக்களின் உள்ளம் கவர்ந்தார். 1993இல், ஏழடி உயரமுள்ள பாட்ரிக் யூயிங் எறிய முயன்ற பந்தையே தடுத்தார்! பின்னர் இரண்டு அணிகளில் ஆடி, 2001இல் களத்தைவிட்டு விலகினார்.

எண்கள் கூறும் பாடம்

அவர் ஆடிய ஆட்டங்கள் 889. எடுத்த புள்ளிகள் 6,858. பிறர் புள்ளி எடுக்கும்படி அவர் பந்தை வழங்கிய முறைகளோ 6,726! 'நானே எறிவேன்' என்று எண்ணாது, நல்ல இடத்தில் நிற்பவனுக்குக் கொடுப்பதே அவருடைய பெருமை.

மாணவர்களே, இவ்வரலாற்றை நான் எழுதுவதற்கு ஒரு காரணமுண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நம் பள்ளி அணிக்கு ஆட்டக்காரர்களைத் தெரிவு செய்தபோது, மாணவர்களை உயர வரிசையில் நிற்க வைத்தேன். கடைசியில் நின்ற சிறுவனை ஓடவிட்டும் பாராமல், "அடுத்த ஆண்டு பார்ப்போம்" என்று கூறி அனுப்பிவிட்டேன். அவன் ஆறாம் ஆண்டு மாணவன். அடுத்த ஆண்டு என்பது அவனுக்கு நம் பள்ளியில் இல்லை. அவன் ஒன்றும் பேசாமல் தலை குனிந்து சென்றது இன்றும் என் கண்முன் நிற்கிறது. அதுமுதல் எவரையும் நிறுத்திப் பார்த்துத் தெரிவு செய்வதில்லை. ஆடவிட்டுப் பார்த்த பின்னரே தெரிவு செய்கிறேன்.

நீங்களும் உங்களை நீங்களே கடைசி வரிசையில் நிறுத்திக்கொள்ளாதீர்கள். களத்தில் இறங்குங்கள், பழகுங்கள், பந்து கைக்கு வரும்போது பிறருக்கும் கொடுங்கள்.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. மக்ஸிக்கும் மனூட் போலுக்கும் இடையே உள்ள உயர வேறுபாடு எத்தனை சென்டிமீட்டர்?
2. மக்ஸி வழங்கிய பந்து ஒவ்வொன்றாலும் குறைந்தது 2 புள்ளிகள் கிடைத்தன எனின், அவற்றால் அவர் அணிகள் பெற்ற புள்ளிகள் குறைந்தது எத்தனை?
3. உங்களிடம் குறையென்று நீங்கள் கருதும் ஒன்று எவ்விடத்தில் நிறையாகும்? ஐந்து வாக்கியங்களில் எழுதுக.