சட்டை மருந்தாகுமா?

கேள்வி: வேம்பும் மஞ்சளும் தோய்த்த சட்டை உடுத்தினால் தோல் அரிப்பு தீரும் என்று கடையில் சொல்கிறார்கள். அம்மாவுக்கு வாங்கலாமா?
– வாசகி, நெடுங்காடு

பதில்: துணி பொய்யல்ல. திருவனந்தபுரத்தை அடுத்த பாலராமபுரத்துக் கைத்தறி நெசவாளர்கள் நூலையும் துணியையும் மூலிகைச் சாற்றில் தோய்த்து ‘ஆயுர்வஸ்திரா’ என்று விற்கிறார்கள். ரசாயனச் சாயம் ஒத்துக்கொள்ளாத உடம்புக்கு அது இதம். ஆனால் இதம் வேறு, சிகிச்சை வேறு. தோலின் மேலடுக்கு கெட்டியான மதில். 500 டால்டனுக்கு (மூலக்கூறு எடையின் அலகு) மேற்பட்ட மூலக்கூறுகள் அதைத் தாண்டுவது அரிது. மருந்துப் பட்டைகள் தோலோடு ஒட்டிக்கொண்டு, அளவாக மருந்தை விடுகின்றன. சட்டையோ உரசும், வியர்வையில் நனையும். கண்ணுக்குத் தெரியாத நுண்குமிழிகளில் மருந்தை அடைத்து நூலில் ஒட்டும் நுட்பமும் உண்டு. உரசலில் குமிழி உடைந்து மருந்து கசியும். துவைக்கத் துவைக்கக் குறைந்துபோகும். இப்படிக் காஃபீன் கலந்த உள்ளாடை உடலை மெலிய வைக்கும் என்று ஆதாரமின்றி விளம்பரம் செய்த இரு நிறுவனங்கள் 2014-இல் அமெரிக்காவில் 15 லட்சம் டாலருக்கு மேல் கட்ட நேர்ந்தது.

கோவையில் உள்ள ஜவுளி ஆராய்ச்சி நிறுவனமான சிட்ராவில் மருத்துவத் துணிகளுக்கென்றே ஆய்வு மையம் இருக்கிறது. கடைக்காரரிடம் அப்படியோர் ஆய்வுச் சான்றையும், எத்தனை சலவை தாங்கும் என்பதையும் கேளுங்கள். அதற்கு முன், அம்மாவைத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை, நன்றாக அலசிய மெல்லிய பருத்திச் சேலை போதும்.